பாதி இலையில் எழுந்தவள்

ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு முதலில் பகையானது சின்ன வெங்காயம். பெரம்பலூரில் இருந்துகொண்டு சின்ன வெங்காயத்தைப் பகைத்துக்கொள்வது, தண்ணீருக்குள் இருந்துகொண்டு முதலையைப் பகைத்துக்கொள்கிற கதைதான். அறுவடை நேரத்தில் ஊரே வெங்காயமாக மணக்கும். மூட்டை ஏற்றிய வண்டிகள் போகும்போது சிவந்த சருகுத் தோல் பறந்துவந்து என் தையல் கடை வாசலில் விழும். முன்பெல்லாம் அந்த வாசனைக்கே எனக்குப் பசிக்கும். இப்போது எதிர் வீட்டில் தாளித்தால்கூட மெஷினை நிறுத்திவிட்டு, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவேன்.

எடை குறைவதற்காக வயிற்றில் செய்துகொண்ட ஆபரேஷன் அது. இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஐம்பத்தொரு வயது, நூற்றுப் பதினாறு கிலோ, சர்க்கரை, ஓய்ந்துபோன இரண்டு முழங்கால். கடையின் மூன்று படி ஏறுவதற்குள் மூன்று முறை நின்று மூச்சு வாங்குவேன். திருச்சியில் ஒரு டாக்டர், "இப்ப பண்ணலைன்னா பின்னாடி பண்ணவே முடியாதும்மா" என்றார். சரி என்றேன். மிச்சம் இருக்கப்போகும் வயிறு ஒரு வாழைப்பழம் அளவு என்று படம் வரைந்து காட்டினார். பூவனா, மொந்தனா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த வாழைப்பழத்தோடு குடித்தனம் நடத்துவது லேசான காரியமில்லை. நாலு கரண்டி கஞ்சி, நாற்பது நிமிடம். ஐந்தாவது கரண்டிக்கு ஆசைப்பட்டால் முதலில் வாயில் எச்சில் ஊறும், பிறகு விக்கல் வரும், பிறகு நெஞ்சுக்குள் கல்லைத் தூக்கி வைத்ததுபோல் அடைக்கும், கடைசியில் போனதெல்லாம் வந்த வழியே திரும்பும். பால் ஒத்துக்கொள்ளாது. எண்ணெயின் வாசம் ஆகாது. நேற்று சமத்தாக உள்ளே போன இட்லி இன்று முரண்டு பிடிக்கும். இனிப்பு இரண்டு கரண்டி இறங்கினால் போதும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு உடம்பெல்லாம் வேர்த்துவிடும். வயிற்றைக் கேட்டுச் சாப்பிடு என்பார்கள். என் வயிற்றிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

ஆனால் அந்த மாதங்களை இப்போது நினைத்தால் வேதனை மட்டும் நினைவுக்கு வருவதில்லை. ஒரு மிதப்பும் கூடவே வருகிறது. மதியத்தில் கடையில் ஆள் இருக்காது. ஒரு வாயை முப்பது தடவை மென்றுகொண்டு வெயிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பாதரசம்போல் நெளியும் தார் ரோடு, அதன் மேல் சத்தமில்லாமல் போகும் பஸ், வெங்காயச் சருகு. தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது. அப்படியே கண் அசந்தால் கனவில் பந்தி நடக்கும். நான் நடுவில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடுவேன். ஆட்டுக்கறிக் குழம்பு, நல்லெண்ணெய் ஊற்றிய கத்தரிக்காய், வடை, மறுபடி குழம்பு. கனவில் எனக்கு ஒரு நாளும் குமட்டியதில்லை. விழித்தால் வாயெல்லாம் ஈரமாக இருக்கும், அழுகையும் வரும்.

இந்த ஆபரேஷனை நான் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. குடலிறக்கத்துக்குச் செய்தது என்று சொல்லிவைத்தேன். முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம், குறைந்துபோன முப்பத்திரண்டு கிலோவை எதில் மறைப்பது? சர்க்கரை முற்றிவிட்டது என்றார்கள், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள். "மகனுக்குக் கல்யாண வயசு, இவளுக்கு இப்ப அழகு கேக்குதாக்கும்" என்ற பேச்சு வருவதற்கு அதெல்லாம் எவ்வளவோ மேல் என்று வாயை மூடிக்கொண்டேன். என் வீட்டுக்காரரையும் மகனையும் என் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்ய வைத்தேன். ஓய்வு பெற்ற பஸ் டிரைவரான என் வீட்டுக்காரர் சத்தியம் செய்துவிட்டு, "இதுல என்னடி அசிங்கம் இருக்கு?" என்றார். ஊர் வாயை மூடத் தெரிந்தவர் மாதிரி பேசாதீர்கள் என்றேன்.

மகனுக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் கணக்கு வேலை. சிறுவயதிலிருந்தே எதையும் கேட்டு வாங்கத் தெரியாத பிள்ளை. தீபாவளிக்குக்கூட நான் எடுத்துத் தைத்ததைப் போட்டுக்கொள்வான். அவன் முதல் தடவையாக ஒன்று கேட்டான். ஏதோ சான்றிதழ் வாங்க அரியலூரில் ஒரு இ-சேவை மையத்துக்குப் போயிருக்கிறான். அங்கே வேலை பார்க்கும் பெண்ணைப் பிடித்திருக்கிறது. ஆண்டிமடத்துக்கு அந்தப் பக்கம் ஊர், அப்பா முந்திரித் தோப்பு வைத்திருக்கிறார். "நீங்க போய்க் கேளுங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

பெண் பார்க்கப் போனோம். நல்ல பூசினாற்போன்ற உடம்பு. பூசினாற்போல என்று மரியாதைக்குச் சொல்கிறேன், குண்டுதான். என் கல்யாணத்தின்போது நான் இருந்தது மாதிரியே. கதவு நிலையில் பாதி மறைந்து நின்றுகொண்டு, உடம்பில் மிச்சம் இருப்பதையும் உள்ளே இழுத்துக்கொள்ள முடியாதா என்று பார்க்கிற அந்த நிற்பு எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நிமிடமே அவள் என் வீட்டுப் பெண் என்று முடிவு செய்துவிட்டேன். கூடவே இன்னொன்றும் முடிவாயிற்று. இந்த வீட்டில் என் ஆபரேஷன் பேச்சை எடுக்கவே முடியாது. வயிற்றை வெட்டிக்கொண்டு ஒல்லியானவள் மாமியாராக வருகிறாள் என்றால் இந்தப் பெண் என்ன நினைப்பாள்?

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் முடிவாகும் வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டோம். தண்ணீர் குடிக்கலாம், வெற்றிலை வாங்கலாம், சோறு மட்டும் சாப்பிடக் கூடாது. பேச்சு முடிந்து, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று வாயால் சொன்ன பிறகு ஒரு நாள் குறித்து இலை போடுவார்கள். அன்றைக்குச் சாப்பிட்டால் முடிந்தது என்று அர்த்தம். அதிலும் மாப்பிள்ளையின் அம்மா சாப்பிடுவதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். இலையில் மிச்சம் வைத்தாலே முணுமுணுப்பு வரும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும், நாலு வாய் சாப்பிட்டுச் சமாளித்துவிடலாம் என்று தைரியமாகப் போய் உட்கார்ந்தேன்.

மாசி மாதம். முந்திரி பூத்திருந்தது. கூடத்தில் வரிசையாக இலை போட்டார்கள். எனக்கு முதல் இலை. முந்திரிப்பருப்பு போட்ட பாயசம், சாம்பார், கூட்டு, பொரியல், எண்ணெய் மின்னும் வடை. "சம்பந்தியம்மாவுக்கு இன்னொரு கரண்டி வைங்க" என்று பெண்ணின் அம்மா பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். முதலில் இனிப்பு சாப்பிட வேண்டும் என்றார்கள், பாயசம் இரண்டு வாய் சாப்பிட்டேன். சோற்றில் ஒரு வாய். எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற பதற்றத்தில் மெல்லாமல் விழுங்கிவிட்டேன். அப்புறம் இன்னொரு வாய்.

சத்தமெல்லாம் தூரத்துக்குப் போயிற்று. பரிமாறுகிறவர்கள் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் நடந்தார்கள். நெற்றி வேர்த்தது, வாய் ஊறியது, நெஞ்சில் கல் ஏறியது. இலையைப் பார்த்தேன். பச்சை இலையில் வெள்ளைச் சோறு என்னவோ நகர்வதுபோல் இருந்தது. கையை உதறிக்கொண்டு எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினேன். முந்திரி மரத்தடியில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தால் பந்தியில் ஒருவரும் சாப்பிடவில்லை. எல்லோர் கையும் இலை மேல் அப்படியே நின்றிருந்தது.

"என்னங்க சம்பந்தி, சாப்பாட்டுல ஏதும் கொறையா?" என்றார் பெண்ணின் அம்மா.

"கொறையெல்லாம் ஒண்ணுமில்லைங்க. பித்தம். கிளம்பறோம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வேறு ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால் மறுபடி வந்துவிடும் என்ற பயம். பாதி இலையில் எழுந்ததோடு, உட்கார்ந்து பேசாமல் கிளம்பியும் விட்டேன். என்னைப் பார்த்தால் யாருக்கும் கர்வம் பிடித்தவள் என்றுதான் தோன்றியிருக்கும். கதவு நிலையில் நின்ற பெண் என்னைப் பார்க்கவில்லை, அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் சேதி வந்தது. நடுவில் இருந்து பேசிய சொந்தக்காரர் போனில் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "அந்தம்மாவுக்கு மனசு இல்லைங்கறது தெரிஞ்சுபோச்சுன்னு சொல்றாங்க. பொண்ணோட ஒடம்பு புடிக்கலைன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமாம். எல போட வச்சு எந்திரிச்சுப் போகணுமாங்கறாங்க. விட்டுருங்க."

என் வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். நான் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைத்தான்.

"நான் சொல்லிரட்டுமாம்மா?" என்று கேட்டான்.

"சொல்லாத" என்றேன்.

"சரிம்மா." சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி அரியலூர் பஸ் ஏறப் போய்விட்டான். என் தலைமேல் கைவைத்துச் செய்த சத்தியத்தை அவன் அந்தப் பெண்ணிடம்கூட உடைக்கவில்லை. ஒரு தடவை வாயைத் திறந்திருந்தால் அவன் கல்யாணம் அவன் கையில் இருந்திருக்கும். நான் என் மானத்தைக் காப்பாற்ற அவன் வாழ்க்கையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. மறுநாள் காலையில் கடையைத் திறக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஒரு பாட்டிலில் வெந்நீரும் டப்பாவில் நாலு கரண்டி கஞ்சியும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளை தனியாகப் பெண் வீட்டுக்குப் போகிற வழக்கம் எங்களில் கிடையாது. கெட்டதோடு கெட்டதாக இதுவும் இருக்கட்டும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அரியலூரை நெருங்க நெருங்க ரோட்டோர மரமெல்லாம் வெள்ளைப் புழுதி பூசிக்கொண்டு நின்றன. சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரில் வந்துகொண்டே இருந்தன. இந்த மண்ணெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம், சுரங்கம் தோண்டினால் கல்லான நத்தையும் சிப்பியும் கிடைக்கும் என்று மகன் சொல்லியிருக்கிறான். ஒருமுறை சுருண்ட நத்தைக் கல் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். பஸ் குலுங்கிக் குலுங்கிப் போனபோது எனக்கு அந்தக் கடலின் மேலேதான் போகிறேன் என்று தோன்றியது. குமட்டல் அலையலையாக வந்தது, போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மல்லிகைச் சரத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடி, என்ன சொல்வது என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். முதல் வார்த்தைக்கு மேல் வரவில்லை.

ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி ஆண்டிமடம் போய், அங்கிருந்து ஆட்டோவில் போனேன். தோப்புக்குள் நுழைந்ததும் முந்திரிப் பூ வாசனை வந்தது. லேசான இனிப்பு. அது மட்டும் எனக்கு ஏனோ குமட்டவில்லை. வீட்டு வாசலில் பெண்ணின் அம்மா பழைய சேலையை விரித்து மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். போன தடவை "வாங்க சம்பந்தி" என்றவர் இந்தத் தடவை "வாங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டார். ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். நான் அதில் உட்காராமல் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். முழங்கால் மடங்கியது. ஒரு வருடத்துக்கு முன்னால் என்றால் மடங்கியிருக்காது.

"எனக்கு ஒரு ஆபரேஷன் நடந்துச்சுங்க. ஊர்ல குடலிறக்கம்னு சொல்லி வச்சிருக்கேன், அது இல்லைங்க" என்று ஆரம்பித்தேன். "எடை கொறையறதுக்கு வயித்த வெட்டிக்கிட்டேன். நாலு வாய்க்கு மேல உள்ள நிக்காது. அன்னிக்குக் கொல்லையில போய் வாந்தி எடுத்தேன். நீங்க பாக்கக் கூடாதுன்னு மண்ணத் தள்ளி மூடிட்டு வந்தேன். உங்க சாப்பாட்டுல ஒரு கொறையும் இல்ல. உங்க பொண்ணுகிட்டயும் ஒரு கொறையும் இல்ல."

அவர் மிளகாயைக் கிளறிக்கொண்டே இருந்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"உங்க பொண்ண வச்சுக்கிட்டுச் சொல்ல வாய் வரலைங்க."

இப்போது கை நின்றது. "இதுக்கு முன்னாடி ரெண்டு எடத்துல இருந்து வந்தாங்க" என்றார் மெதுவாக. "ரெண்டு பேரும் தண்ணிய மட்டும் குடிச்சிட்டு, போயி சொல்றோம்னுட்டுப் போனாங்க. அதுலருந்து அவ நாலு பேரு முன்னாடி சாப்பிடவே மாட்டா. ஆபீசுக்குக் கொண்டுபோற டப்பாவக்கூட ஒளிஞ்சு நின்னுதான் திம்பாளாம். நீங்க வந்து எலயில ஒக்காந்தீங்க. எம்மவளுக்கு வெளிச்சம் வந்துருச்சுன்னு நெனச்சேன். நீங்க எந்திரிச்சதும் அவ உள்ள போயி கதவச் சாத்தினவதான். அதுலருந்து வேலைக்கே போவல." சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மிளகாய்க் கையோடு துடைத்ததில் கண் இன்னும் எரிந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. வேறு என்ன செய்வது, இரண்டு பேரும் அந்த மிளகாய்க்கு முன்னால் உட்கார்ந்து அழுதோம்.

பிறகு அவர் எழுந்தார். "கஞ்சி குடிப்பீங்களா?"

"குடிக்கிறேன். ஆனா நிக்குமான்னு தெரியாது."

"அதப் பத்தி என்ன? குடிங்க." நொய்யைக் குழைய வேகவைத்து, மோர் விட்டு, ஒரு சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்தார். கரண்டி கரண்டியாகக் குடித்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். அவசரமே படவில்லை. வாசல் வெயில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து மிளகாயைத் தாண்டிப் போயிற்று. மூன்றாவது கரண்டியில் எனக்கு நம்பிக்கை வந்தது. நாலாவது கரண்டி காரியத்தைக் கெடுத்தது. வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன்.

மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தபோது பின்னாலிருந்து ஒரு கை வந்து என் நெற்றியைத் தாங்கியது. பெரிய, மெத்தென்ற, குளிர்ந்த கை. இன்னொரு கை முதுகைத் தடவிக்கொடுத்தது. அந்தப் பெண்தான். உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இத்தனை மாதங்களில் வாந்தி எடுக்கும்போது நான் யாரையும் பக்கத்தில் விட்டதில்லை. என் வீட்டுக்காரரைக்கூட. அந்தக் கையை மட்டும் தள்ளிவிடத் தோன்றவில்லை.

வாய் கொப்பளிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். நான் குனிந்தபடியே இருக்கும்போது, என் முகம் தெரியாததால்தானோ என்னவோ, கேட்டுவிட்டாள்.

"கல்யாணத்துக்கு அப்பறம் என்னையும் இதப் பண்ணிக்கச் சொல்லுவீங்களா?"

அவள் குரலில் குறும்பும் இல்லை, கோபமும் இல்லை. என்ன பதில் வந்தாலும் சரி என்று தயாராகிவிட்ட குரல். நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

"சொல்ல மாட்டேன் கண்ணு. எனக்கு முட்டி போச்சு, சக்கர ஏறுச்சு, அதுக்குப் பண்ணிக்கிட்டேன். பண்ணிக்கிட்டதுக்கு வருத்தமும் படல. ஒனக்கு என்னிக்காச்சும் வேணும்னு தோணி நீயா கேட்டா கூட வரேன். கேக்காத வரைக்கும் எங்க வூட்ல யாரும் ஒன் எலயப் பாக்க மாட்டாங்க. நானும் பாக்க மாட்டேன். பாத்தா என்ன வாடி போடின்னு கேளு."

அவள் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். கொல்லை வாசலில் அவள் அம்மா கையில் காலிக் கிண்ணத்தோடு நின்றார். நான் குற்றவாளி மாதிரி, "நிக்கலைங்க" என்றேன்.

"நின்னா என்ன, நிக்காட்டி என்ன? எங்க வூட்ல சாப்பிட்டாச்சு. வயித்துல தங்கணும்னு எந்த ஊர்ல சட்டம் இருக்கு? அவங்க அப்பா வரட்டும், தேதி பேசுவோம்." என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "உள்ள வாங்க சம்பந்தி, வெயில்ல நிக்காதீங்க" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. குமட்டலா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவள் அம்மா அடுப்படியிலிருந்து, "பசிக்குதாடி? உள்ள வந்து தின்னு" என்று கூப்பிட்டார். அவள் போகவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு கொல்லைக்குப் போய் ஒரு இலையை நறுக்கிக்கொண்டு வந்து, எனக்கு நேர் எதிரில் போட்டு, சம்மணம் கூட்டி உட்கார்ந்தாள்.

"இங்கயே போடும்மா" என்றாள்.

சோறு வந்தது, பருப்பு வந்தது. என் முன்னாலேயே பிசைந்து, நிதானமாக, பெரிய பெரிய வாயாகச் சாப்பிட்டாள். பிறகு குழம்பு கேட்டாள். பிறகு ரசத்துக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டாள். அவள் அம்மா கரண்டியோடு என் முகத்தைப் பார்த்தார். "போடுங்க, கேக்கறாள்ல" என்றேன்.